வரைபடத்தில் எங்கள் கொல்லை

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பல வருடமாகத் தண்ணீர் வரவில்லை. மழை பெய்யாமல் இல்லை. தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால், வீடுகள் பெருகியதில் எங்கே போனதென்று தெரியவில்லை. கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டினார்கள்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே வரைபட நூலகம் ஒன்று இருக்கிறது, ஊர்க்காரர்களும் வந்து பார்க்கலாம் என்றாள். ஊர் விவசாயிகள் சங்கத்துக்கு அப்பாதான் தலைவர். ஒரு சனிக்கிழமை சங்கத்து ஆட்கள் மூவரோடு சாணார்பட்டியில் பஸ் ஏறினார். அழுது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன்.

நூலகம் என்கிறார்கள், புத்தகத்தையே காணோம். ஓர் ஆள் படுக்குமளவு அகலமான இரும்பு இழுப்பறைகள். இழுக்க இழுக்க ஊர்களாக வந்தன. ஜன்னலோரம் மாணவர்கள் சிலர் சிறுமலையின் சரிவுகளை மெல்லிய தாளில் பென்சிலால் படியெடுத்துக்கொண்டிருந்தார்கள். நூலகரம்மா எங்கள் பேனாக்களை வாங்கி வைத்துக்கொண்டு எல்லோரையும் கை கழுவ அனுப்பினார். ஊரையே அதட்டும் அப்பா, கழுவிய கையைத் திருப்பிக் காட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் ஊரின் பழைய வரைபடம் மேசையில் விரிந்தது. எனக்கு ஒரு பூதக்கண்ணாடி கிடைத்தது. சிலுவைக் குறியிட்ட இடம் மாதா கோயில். அதைத் தாண்டிக் கண்மாய் வரை ஒரு நீலக் கோடு ஓடியது.

"இதான் வாய்க்கா, அண்ணே," என்றாள் அத்தை.

"எவன் மறிச்சிருக்கான்னு இனி தெரிஞ்சுபோகும்ல," என்றார் சங்கத்து ஆள் ஒருவர்.

நான் கோயிலிலிருந்து பாதையைப் பிடித்தேன். பாலம், அதை அடுத்த திருப்பம். தினமும் பள்ளிக்கு நடக்கிற வழிதானே. கண்ணாடி நீலக் கோட்டின்மேல் போய் நின்றது.

"அப்பா, நம்ம வீடு வாய்க்காலுக்குள்ள இருக்கு," என்றேன்.

அத்தை அளவுகோலை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்தாள்.

"வீடு இல்லண்ணே. கொல்லையும் மாட்டுக்கொட்டமும்தான். பழைய படம், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

அப்பா கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நூலகரம்மாவிடம், "புள்ள சொன்னது சரிதாங்க. அந்த எடத்தையும் சேத்தே நகல் குடுங்க," என்றார்.

அடுத்த மாதம் சர்வேயர் வந்து கல் நட்டார். அப்பா மாடுகளை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டிவிட்டுக் கடப்பாரையைத் தானே எடுத்தார். அம்மா பல நாள் அவரோடு பேசவில்லை. ஐப்பசியில் எங்கள் பின்வாசலை ஒட்டித் தண்ணீர் சலசலத்துப் போனது. நான் காகிதக் கப்பல் விட்டேன்.

அவ்வளவு பெரிய தாளில் எங்கள் வீட்டைக் கண்டுபிடித்தவள் நான். அதற்கு அப்பா ஒரு பாராட்டுகூடச் சொல்லவில்லை என்பதுதான் அப்போது என் குறை. அந்தக் கொல்லை ஒரு காலத்தில் நீளப் பள்ளமாகக் கிடந்ததென்றும், நான் பிறந்த வருடம் அப்பாதான் வண்டி வண்டியாக மண் அடித்து அதை மேடாக்கினார் என்றும் அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அது என்ன பள்ளம் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.