அணியத்தில் நாலு அடுக்கு

ஒரு படகைக் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், அழகு என்றோ சுமார் என்றோ சொல்ல ரட்சனிக்கு வராது. "நூத்தம்பது கிலோ இருக்கும்" என்பாள். பாங்காக்குக்குத் தெற்கே, சத்தஹீப் கரையில் வினாய் முதலாளியின் படகுப் பட்டறையில் பத்தொன்பது வருஷமாகப் பொருள் மதிப்பீடு போடுவது அவள்தான். அதற்கு முன்னால் ஆறு வருஷம் அங்கேயே கண்ணாடியிழைப் பாய் வெட்டினாள். படித்தது ஆறாம் வகுப்பு.

அவள் கணக்குப் போடும் விதமே தனி. அச்சின் மேல் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, அப்படியே உரித்து, தரையில் பரப்பி அளப்பாள். ஒரு கிலோ பாயை நனைத்து ஒட்ட இரண்டரை கிலோ ரெசின் பிசின் என்று டப்பாக்காரர்கள் எழுதியிருப்பார்கள். "அது எழுதினவன் கைக்கு" என்பாள் ரட்சனி. பாய் ஒட்டும் சமானின் கை ரெசின் குடிக்கும். அவனுக்கு இரண்டேமுக்கால் எழுதுவாள். பிரயூன் உருளையை ஓட்டி ஓட்டிப் பிழிந்துவிடுவான், இரண்டேகால் போதும். ஏப்ரல் வெயிலில் இறுக வைக்கும் மருந்து கலந்த ரெசின், வாளி தீர்வதற்குள் கல்லாகிவிடும், அதற்கு ஒரு கழிவு. இப்படி ஆளையும் மாதத்தையும் சேர்த்து அவள் எழுதும் சீட்டு ஒரு வாளிக்கு மேல் பிசகியதே கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

அந்த வருஷம் ஒரு பாய்மரப் பள்ளிக்கு ஆறு படகுகள் செய்ய ஆர்டர் வந்தது. வரைபடம் வெளிநாட்டிலிருந்து வந்தது. மூக்கிலிருந்து வால்வரை முழுக்கக் கண்ணாடியிழை, மருந்துக்குக்கூட மரம் கிடையாது. வரைபடத்தில் ஒரு நூல் மாறினாலும் கூலி கிடையாது என்று முதலாளி எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். மூன்று படகு முடிந்தபோது சாமான் அறையில் துண்டு விழுந்தது. படகுக்கு ஒன்றரை கிலோ பாய், நாலு கிலோ ரெசின். மூன்றுக்கும் அதே அளவு.

முதலாளி ரட்சனியைக் கூப்பிட்டார்.

"பிரயூனோட மச்சான் மீன்படகு ஓட்டை அடைக்கிறான்ல?"

"ஆமா முதலாளி."

"ரெசின் அங்கதான் போகுது. ஒண்ணே ஒண்ணு சொல்லு. உன் சீட்டு தப்பாகுமா?"

"என் சீட்டு எப்ப முதலாளி தப்பாச்சு?"

"அப்ப சரி. சனிக்கிழமை கூலியோட அவனை அனுப்பிடறேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிரயூனுக்கு ஐம்பத்தைந்து வயது. திருடன் என்று பேர் கேட்டு வெளியே போனால் இந்தக் கரையில் எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்காது. ஆனாலும் சீட்டு தப்பு என்று நினைக்க மனம் வரவில்லை. அது சரி என்று நிரூபித்துவிட்டால் நிம்மதி என்று, வெள்ளிக்கிழமை காலை மீன் ஏலக்கூடத்திலிருந்து தொங்கு தராசை இரவல் வாங்கி வந்தாள். பொருள் திருட்டுப் போயிருந்தால் படகு சீட்டில் உள்ள எடைதான் இருக்கவேண்டும்.

சங்கிலியில் தூக்கிப் பார்த்தார்கள். ஐந்தரை கிலோ கூடுதலாக நின்றது முள்.

ரட்சனி பத்து பாட் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு படகுக்குள் இறங்கினாள். வாலிலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டிங், டிங் என்று ஒரே சத்தம். அணியத்தில், அந்தக் கூர் மூக்கின் உள்பக்கத்தில், சத்தம் செத்துப்போயிருந்தது. கையை விட்டுத் தடவினாள். வழுவழுவென்று ஒரு சின்னத் திண்டு.

"பிரயூன், இங்க வா. இது என்ன?"

பிரயூன் வந்தான். தலையைச் சொறிந்தான். சுற்றி நின்ற மற்ற ஐந்து வேலையாட்களும் திடீரென்று சுறுசுறுப்பாக வேறு வேலை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அம்மாவுக்கு, அக்கா."

"எந்த அம்மாவுக்கு?"

"படகு மூக்குல குடியிருக்கிற நம்ம மே யானாங் அம்மாவுக்குத்தான். மரமே இல்லாத படகுல அவ எங்க உக்காருவா? விரலளவு தக்கியான் மரம் வெச்சு, மேல நாலு அடுக்கு பாய் போட்டோம். ஆறு பேரும் சேர்ந்துதான்."

"முதலாளி சாமானை எடுத்து நீங்க சாமிக்கு வீடு கட்டறீங்களா? நல்ல பக்தி. வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? நாளைக்கு உன்னைத் திருடன்னு அனுப்பப் போறாங்கடா."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா?"

"சொன்னா முதலாளி அதை மிஷின் வெச்சுத் தேய்ச்சு எடுக்கச் சொல்வாரு. அவ மேல மிஷின் வெச்சப்புறம் எவன் இந்தப் படகைத் தொடுவான்? இதுல ஏறப்போறது சின்னப் புள்ளைங்க. நான் போறேன், பரவால்ல."

ரட்சனிக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன்மேல் பாதி, தன்மேல் பாதி. ஆளுக்கு ஆள் கையை அளந்து வைத்திருந்தவள், ஆறு பேர் மனசில் ஓடியதை அளக்கவில்லை. மரம் இல்லை என்று வரைபடத்தைப் பார்த்ததும் அவளுக்கே தோன்றியிருக்கவேண்டும். சிறு வயதில் ஆற்றுப் படகின் மூக்கில் அவளும் பூச்சரம் கட்டியவள்தான்.

மத்தியானச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு முதலாளியிடம் போனாள்.

"சாமான் எங்கயும் போகல முதலாளி. படகுலயே இருக்கு, எடை போட்டுப் பாத்துட்டேன். பள்ளிக்கூடப் புள்ளைங்க நேரா கரையில கொண்டுவந்து முட்டுவாங்க, மூக்குல கூட நாலு அடுக்கு போடுங்கன்னு நான்தான் சொன்னேன். சீட்டுல ஏத்த விட்டுப்போச்சு."

"வரைபடத்தை மாத்தினியா?"

"மாத்தல, கெட்டிப்படுத்தினேன். முட்டி உடைஞ்சா நம்ம பேருதான கெடும்?"

முதலாளி அதை மறுக்கவில்லை. மீதி மூன்று படகுக்கும் அதைச் சீட்டில் ஏற்றச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்.

"சீட்டு தப்பாகாதுன்னு சொன்ன. ஒருத்தன் பொழப்பே போயிருக்கும்."

"என் தப்புதான்."

"வயசாயிடுச்சு ரட்சனி. இனிமே உன் சீட்டை பாங்காக்ல என் தம்பி மகன் ஒரு தடவை பார்க்கட்டும். கம்ப்யூட்டர்ல போடுவான்."

அவள் தலையாட்டினாள். பத்தொன்பது வருஷம் அந்த ஒரு தலையாட்டலில் போய்விட்டது. கழிவறைக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்சம் அழுதாள். முதலாளியின் தம்பி மகன் வாழ்நாளில் ஒரு வாளி ரெசின் கலக்கியவன் இல்லை.

திங்கட்கிழமை நாலாவது படகு அச்சில் ஏறியது. அணியத்துக்கு வந்ததும் பிரயூன் உருளையை வைத்துவிட்டு அவள் மேசைக்கு வந்தான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நன்றி சொல்லத்தான் வந்திருப்பான். ஆனால் அவனுக்கு அதெல்லாம் வராது.

"அக்கா, இந்தப் படகுக்கு உங்க பேருலயும் ஒரு அடுக்கு போடட்டுமா? அஞ்சா?"

ரட்சனி சீட்டிலிருந்து நிமிரவில்லை.

"நாலுதான் எழுதியிருக்கேன். நாலே போடு. என் பேரை அந்த நாலுக்குள்ளயே சேர்த்துக்க."