பல்லாங்குழியில் நாலு காய் கூடுதல்

எண்பதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதப் பட்ட வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தேன். இருபத்தாறு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். அதுவும் கரண்ட் இருந்தால்தான். ஒரு ப்ரோகிராமைப் பலர் பங்கு போட்டு எழுதுவது எப்படி என்று தலைகீழாக நின்று சொல்லியும் ஏறவில்லை. அலுத்துப்போய், பல்லாங்குழி ஆட்டத்தையே ப்ரோகிராமாக எழுதச் சொன்னேன். பதினாலு குழி, குழிக்கு ஐந்து, மொத்தம் எழுபது காய். காயைக் குழிகளில் போட்டுப் போகும் பகுதி திருமானூர்ப் பெண்ணுக்கு. யாரிடம் எத்தனை காய் என்று எண்ணும் பகுதி வேப்பந்தட்டைப் பையனுக்கு.

ஆட்டத்தைப் பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. அவர் சரி என்றால்தான் அடுத்த வருஷமும் பாடம் உண்டு, எனக்கு வேலையும் உண்டு.

அவர் வருவதற்கு முந்தின நாள் அந்தப் பெண் ப்ரோகிராம் எழுதிவைத்திருந்த தாளைப் பார்த்தேன். ஒரு குழியில் நாலு காய் சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவர் உடனே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் அப்படி ஆடியதே இல்லை. காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போயிருந்த எரிச்சல் வேறு.

"பல்லாங்குழிகூட ஆடத் தெரியாதா உனக்கு? எடு இதை" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"சரிங்க சார்" என்று அந்த வரிகளை அடித்துவிட்டாள்.

மறுநாள் வந்தவர் உட்கார்ந்து ஆடினார். கொஞ்ச நேரத்தில் திரையில் மொத்தம் எழுபத்து நாலு என்று வந்தது.

"எழுபதுதானே போட்டீங்க?" என்றார் மெதுவாக. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

பையனைப் பிடித்துக்கொண்டேன். "பசு விழுந்தா குழியிலேர்ந்து காய அந்தப் பொண்ணு எடுத்துடுவாங்க, நான் கணக்குல நாலு ஏத்திடணும்னு சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க சார். அதான் செஞ்சேன்" என்றான். நான் அடிக்கச் சொன்னது குழியிலிருந்து காயை எடுக்கும் வரிகளை; காய் குழியிலேயே கிடக்க, இவன் கணக்கில் மட்டும் நாலு ஏறியிருக்கிறது.

அங்கே ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் வழக்கமில்லை. சீட்டு எழுதியாவது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வருஷம் முழுக்க நான் தொண்டை கிழியச் சொன்னது இதைத்தான். அவர்கள் செய்துவிட்டார்கள், கெடுத்தது நான். வெட்கமாக இருந்தது.

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பையை மாட்டிக்கொண்டிருந்தாள். "சொல்லத்தான் வந்தேன் சார். நீங்க எடுன்னுட்டீங்க."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வருஷத்தோடு பாடத்தை நிறுத்திவிட்டார்கள். என்னைக் கேட்டிருந்தால், வாத்தியாரை மட்டும் நிறுத்துங்கள் என்று சொல்லியிருப்பேன்.