மூன்று பிடி மண்

சர்க்கரைக் கட்டியைப் பற்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு, தட்டில் ஊற்றி ஆறவைத்த காப்பியை அதன் வழியே உறிஞ்சுகிறார் பெட்ரியா. டெலிபோன் மணி அடிக்கிறது. போய் எடுக்கிறார். "ஆமா." "இல்ல." "வரேன்." வைத்துவிடுகிறார். பிரசவமானாலும் சாவானாலும் போனில் அதற்குமேல் பேச்சு கிடையாது.

"ஏன்க்கா, நாலு வார்த்தை பேசினா வாய் தேஞ்சிடுமா?" என்றேன்.

"கம்பிக்குக் காது உண்டுடி. எங்கம்மா பேசிட்டுப் பட்டது போதாதா?"

எங்கள் அயோவா ஊரில் முக்கால்வாசிப் பேர் டென்மார்க்கிலிருந்து வந்த குடியானவர்கள். பெட்ரியாவும் அங்கே யூட்லாந்துப் பக்கத்திலிருந்து தாயோடு கப்பலேறி வந்தவர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊருக்கே நர்ஸ். சுருட்டு பிடித்துக்கொண்டே சைக்கிளில் வந்து, சுருட்டு பிடிக்காதே என்று நோயாளியைத் திட்டுவார். ஊசிக்கு அலறும் ஆண்பிள்ளைகளைக் கண்டால், "உன் மாடு இவ்வளவு கத்தலையேடா!" என்பார். கோபித்துக்கொள்ள யாருக்கும் தைரியம் கிடையாது.

ஜெர்மனியோடு நடந்த யுத்தத்தின்போது அமெரிக்கப் படையின் நர்ஸாகப் பிரான்சுக்குப் போனார். சாகக் கிடந்த நம் டேனிஷ் பையன்கள் சிலர் வலியில் இங்கிலீஷை மறந்துவிட்டார்கள். "அவங்க பாஷையிலேயே பேசும்மா" என்று டாக்டரே கேட்டுக்கொண்டாராம். அதே கோடையில் இங்கே, தேவாலயத்திலும் தெருவிலும் டெலிபோனிலும் இங்கிலீஷைத் தவிர வேறு பேசக்கூடாதென்று கவர்னர் உத்தரவு. பக்கத்துப் பண்ணைக்காரியிடம் போனில் டேனிஷ் பேசியதைப் பொதுக் கம்பியில் யாரோ ஒட்டுக்கேட்டுச் சொல்ல, பெட்ரியாவின் தாய் ஆனேவுக்கு அபராதம் போட்டார்கள். அந்த அவமானத்தில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் வழக்கப்படி, அடக்கத்தின்போது போதகர்தான் மூன்று முறை மண் போட்டு, மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். அன்று அவர் அதை இங்கிலீஷில் எழுதிவைத்து, தட்டுத்தடுமாறி வாசித்தார். சுற்றி நின்ற எங்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய்விட்டு அழக்கூடப் பயமாக இருந்தது.

யுத்தம் முடிந்து திரும்பி வந்த பெட்ரியா போதகரிடம் போய்க் கேட்டார். அதற்குள் கவர்னரின் உத்தரவு ரத்தாகிவிட்டது, ஆனால் போதகர் மசியவில்லை. பெட்ரியாவும் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஐயா, அம்மாவுக்கு நம்ம பாஷையில ஒரு தடவ சொல்லி மண்ணு போடுங்க."

"போட்ட மண்ணை மறுபடி போடற வழக்கம் இல்லம்மா. கடவுளுக்கு இங்கிலீஷ் தெரியும்."

"அவருக்குத் தெரியும்யா. எங்கம்மாவுக்குத் தெரியாதே."

இந்த ஆண்டு, போரில் இறந்தவர்களின் நினைவுநாளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் மேடை போட்டு, பெட்ரியாவைப் பேச அழைத்தார்கள். பழைய சீருடை இடுப்பில் பூட்டவில்லை. மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டு ஏறினார். கூட்டத்துக்குப் பின்னால் இருந்த கல்லறைகளைப் பார்த்தார். இறங்கி, நாற்காலிகளைத் தாண்டி, தாயின் கல்லறைக்கு நடந்தார். குனிந்து மண்ணை அள்ளினார். டேனிஷில், ஊரே கேட்கச் சொன்னார்:

"மண்ணிலிருந்து வந்தே." ஒரு பிடி விழுந்தது.

"மண்ணாப் போவே." இன்னொரு பிடி.

"மண்ணிலிருந்து மறுபடி எழுந்திருப்பே."

போதகர் தடுக்க எழுந்தார். யாருமே அவரைப் பார்க்கவில்லை என்று கண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெட்ரியா மண்டியிட்டார்.

"அம்மா, இப்பப் புரிஞ்சுதா?"

ஜுரம் பார்ப்பதுபோல் புறங்கையைப் புல்லின்மேல் வைத்தார். எடுக்கவே இல்லை.