மனசோடு கொடுத்த வீடு

பக்கீர் மைதீனைப் போன்ற ஏமாளியை நான் சைகோனில் பார்த்ததில்லை. காரைக்காலிலிருந்து கப்பலேறி வந்து, பென் தான் என்னும் பெரிய சந்தைக்குப் பக்கத்தில் துணிக்கடை போட்டவர். மீட்டருக்கு நாலு விரல் கூட விட்டுத்தான் கிழிப்பார். அமெரிக்கர்கள் வந்து, நைலான் துணி மலிவாகக் குவிந்த அறுபத்தாறாம் வருஷம், அவருடைய பருத்தித் துணியைத் தொட ஆளில்லை. சரக்குக் கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள்.

மஞ்சக் கடுதாசி கொடுப்பது என்று முடிவாயிற்று. சைகோன் கோர்ட்டில் திவால் மனு வெள்ளைத் தாளில்தான். நம் ஆட்கள் வாயில் அது எந்த ஊரிலும் மஞ்சள்தான். கடை போகட்டும், குடியிருக்கும் வீடாவது மிஞ்ச வேண்டும் என்பதே அவர் கவலை.

வழி சொன்னவன் நத்தர்ஷா, அவர் மனைவி ரஹ்மத் நிஷாவின் தம்பி.

“வூட்டை என் பேருக்கு எழுதிடுங்க மச்சான். எல்லாம் அடங்குனதும் திருப்பி எழுதித் தாறேன்.”

“கள்ள எழுத்துன்னு கோர்ட்டுல அடிச்சிட்டா?”

“அதுக்குத்தான் பள்ளியில வச்சி ஹிபா சொல்லிடணும். ஜமாஅத்துக்கு முன்னால தானமாக் குடுத்ததை யாரு கள்ளம்பாங்க?”

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள்.

“சம்பளம் வாங்காம என் கடையில ஒழைச்ச புள்ளைக்கு என் வூட்டைக் குடுத்தேன்” என்று பக்கீர் மைதீன் சாவியை நீட்டினார்.

“ஏத்துக்கிட்டேன்” என்று நத்தர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் அங்கேதான் இருந்தேன். அந்தக் கண்ணீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைச் சரக்கெல்லாம் கடன்காரர்களுக்குப் போயிற்று. வீட்டை யாரும் தொடவில்லை. மனிதர் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்த நேரத்தில் நத்தர்ஷா வந்தான்.

“அமெரிக்கக் கம்பெனிக்காரன் ஒருத்தன் வூட்டை வாடகைக்குக் கேக்குறான் மச்சான். நீங்க வேற எடம் பாத்துக்குங்க.”

“திருப்பித் தாறேன்னியே தம்பி!”

“அப்ப பள்ளியில வச்சி சொன்னது பொய்யா?”

பக்கீர் மைதீன் ஜமாஅத்தில் முறையிட்டார். கூடிய பெரியவர்களில், அவருக்குச் சரக்குக் கொடுத்து நஷ்டப்பட்ட ஹாஜி முகம்மதுவும் ஒருவர். அவர்தான் கேட்டார்.

“அன்னிக்கு மனசோட குடுத்தியளா, இல்ல எங்க கண்ணுல மண்ணைத் தூவுனியளா?”

நடிப்பு என்று ஒப்புக்கொண்டால் வீடு கடன்காரர்களுக்கு, அவர் ஜெயிலுக்கு. நத்தர்ஷா தலைகுனிந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தான், படுபாவி.

“மனசோடதான் குடுத்தேன்” என்றார் பக்கீர் மைதீன்.

அவரைத் தனியே அனுப்பப் பயந்து நானும் வீடுவரை போனேன். ரஹ்மத் நிஷா மீன் அரிந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, “ஒன் தம்பி என்னைக் கழுத்தறுத்துட்டான் புள்ளே” என்று இவர் அழுதார். தம்பியைச் சபிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தார்.

“என் நகையை வித்து வாங்குன வூடு இது. என் பேருக்கு எழுதியிருந்தா எனக்குள்ளதை எனக்கே குடுத்ததாப் போயிருக்கும். பள்ளியில போயி பொய் சொல்ல வேண்டியதில்ல. அது ஒங்களுக்குத் தோணவே இல்ல. தம்பி ஏமாத்திட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திய. என்னை ஏமாத்துனது யாரு?”

பக்கீர் மைதீன் என் முகத்தைப் பார்த்தார். நான் செருப்பைத் தேடினேன்.