அடைத்து வைத்தால்தான் காத்து

என் அக்கா கணவருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் பொறுமை. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். யார் எது கேட்டாலும் “பொறுமை, பொறுமை” என்று கையைக் காட்டிவிட்டு, அந்தக் கை கீழே இறங்குவதற்குள் சுத்தியலைத் தூக்கிவிடுவார்.

பாதி வாழ்க்கையை டயர் கடையில் கழித்தவர். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டைத் தகடு நல்ல கத்தியாகும் என்று யாரோ சொல்லக் கேட்டார். அவ்வளவுதான், கடையை விட்டு நின்றார். குடியிருக்கும் வீட்டின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கரியுலை மூட்டினார். அக்காவிடம் சொல்லிவிட்டா என்று கேட்காதீர்கள். புகை வந்துதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. ஆனால் கத்திகள் நன்றாக அமைந்துவிட்டன. கறிக்கடைக்காரர்கள் தேடி வந்தார்கள். அவரைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

கெடுத்தது மாடியில் துணி காயும் கொடி. வீட்டுக்காரம்மாவின் வெள்ளைத் துணிகளெல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறின.

“கொட்டகையைச் சாமான் போட்டு வைக்கக் கொடுத்தேன். நீங்க ரயில் இன்ஜினை ஓட்டுறீங்க. ஞாயித்துக்கிழமை நானே கீழ வந்து பாப்பேன். புகையில்லாம வேலை நடந்தா நடக்கட்டும், இல்லேன்னா பூட்டிடுவேன்.”

கொட்டகை போனால் அத்தான் டயர் கடைக்குத்தான் திரும்ப வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். “நீ வருவேன்னு தெரியும்டா” என்று பழைய முதலாளி பல்லைக் காட்டுவாரே, அதை நினைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே கேஸ் பர்னர். வாங்கலாமே என்றேன். என்னைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பழைய இரும்புக் குழாய் ஒன்று, அதன் பின்பக்கம் புனல்போல் விரிந்த ஒரு வாய், அந்த வாயின் நடுவில் கேஸ் பீறிட ஒரு பித்தளை முனை. முனையில் தலைமுடி நுழைந்தால் அதிகம் என்னும்படி ஒரு துளை. அந்தத் துளையைப் போடுவதற்குள் ஊசி ஊசியாக டிரில் பிட்டுகள் முறிந்தன. ஒவ்வொரு முறையும் குற்றவாளி பிட் விற்ற கடைக்காரர்தான். பின்வாயை மூடித் திறக்க பூட்ஸ் பாலிஷ் டப்பாவின் மூடியை ஒரு திருகில் பொருத்தினார். அடுப்படி ரெகுலேட்டரைக் கழற்றப் போனவரை அக்கா கரண்டியோடு மறித்ததால், வெல்டிங் கடையிலிருந்து ஒன்று வந்தது.

“மாப்ள, நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே? வந்து பாரு.”

எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். கிராமத்திலிருந்து பேருந்தில் தொங்கிக்கொண்டே போய் வாங்கிய பட்டம். அதுவரை எங்கள் குடும்பம் அதைப் பயன்படுத்தியது மாத்திரை அட்டையைப் படிக்கவும், பாட்டில் மூடி திறக்கவும்தான். அன்றுதான் பட்டத்தைப் பட்டமாக மதித்து ஒருவர் கூப்பிட்டார். சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

பற்றவைத்தார். மஞ்சளாக, சோம்பலாக ஒரு தீ உலையின் வாய்க்கு வெளியே வந்து நாக்கை ஆட்டியது. கூரைத் தகரத்தில் கரி ஏறியது.

“அத்தான், காத்து பத்தல.”

“அப்படியா?” என்று ரெகுலேட்டரைத் திருகினார். தீ இன்னும் மஞ்சளாகி, இன்னும் நீண்டு, என் புதுச் சட்டையை விசாரித்தது.

“நான் கேஸைச் சொல்லல அத்தான். வெளிக்காத்து. அந்த மூடியைத் திறங்க.”

“மூடியைத் திறந்தா காத்து வெளிய போயிடும் மாப்ள.”

“போகாது. கேஸ் பீறிட்டுப் போற வேகத்துல வெளிக்காத்து உள்ள வரும்.”

அத்தான் சிரித்தார். “ஓட்டை வழியா காத்து உள்ள வந்ததை இத்தனை வருஷத்துல எந்த டயர்லயும் நான் பாத்ததில்ல. வெளிய சும்மா திரியுறதுக்குப் பேரு காத்தா? அடைச்சு வெச்சாத்தான்டா காத்து.”

அவருடைய அகராதியில் டேங்கிலோ சிலிண்டரிலோ அடைபட்டு வருவது எதுவோ அது காத்து. திறந்திருப்பது எதுவோ அது பஞ்சர். மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கினார். அந்த வாரம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிச் சண்டை போட்டோம். நடுவில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வாய்ப்பூட்டு. “வீட்டுக்காரம்மா வர்றப்ப நீ மூச்சு விடக்கூடாது” என்றார். இடுக்கியோடு உலைவாயில் அவர். பர்னர் பக்கத்தில், மூடியும் ரெகுலேட்டரும் கைக்கெட்டும் இடத்தில் அக்கா. வீட்டுக்காரம்மா வெள்ளைப் புடவையில் வந்து நின்றார். துணிச்சல்தான்.

தீ எழுந்தது. அதே மஞ்சள். அம்மாவின் கண் கூரைக்குப் போயிற்று. கை இடுப்புச் சாவியைத் தேடியது. 

“காத்தைக் கூட்டு! சீக்கிரம் காத்தைக் கூட்டு!” என்று அத்தான் திரும்பிப் பார்க்காமல் கத்தினார்.

அக்கா ரெகுலேட்டரைத் தொடவில்லை. பாலிஷ் மூடியைப் பிடித்து மளமளவென்று திருகித் திறந்தாள்.

மஞ்சள் நாக்கு சுருங்கி உள்ளே போனது. உலைக்குள் நீலம் பிடித்து, உர்ரென்று ஒரு உறுமல். சற்று நேரத்தில் உலையின் உட்சுவர் செம்பழமாகி, பட்டைத் தகடும் அதே நிறத்துக்கு வந்தது. புகை என்று சொல்ல ஒரு இழைகூட இல்லை.

“பாத்தீங்களாம்மா? காத்தைக் கூட்டினா சரியாயிடும்னு நான் ஒரு வாரமா சொல்லிட்டிருக்கேன்” என்றார் அத்தான், என்னைப் பார்த்துக்கொண்டே.

“புகை இல்ல, சரி. இந்தச் சத்தம்?”

“பகல்ல மட்டும்தாம்மா.”

“அது போகட்டும். உலையே இல்லாம உங்க வீட்டுல இதைவிடச் சத்தம் வரும்.” புடவை முந்தானையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு மாடியேறினார். சாவி இடுப்பிலேயே இருந்தது.

அத்தான் தகட்டை அடிக்க ஆரம்பித்ததும் அக்காவை ஓரமாக இழுத்தேன். “நீ தெரிஞ்சு திறந்தியா, தெரியாம திறந்தியா?”

“அவர் காத்தைக் கூட்டச் சொன்னாரு, கூட்டினேன். எந்தக் காத்துன்னு அவர் சொல்லலையே?” என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். “நீ போய் வெளக்கம் சொல்லித் தொலைக்காத. நல்லா எரியுது.”

சொல்லவில்லை. இப்போது அந்த மூடி திறந்தே இருக்கிறது. அத்தான் அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில் ‘காத்து’ என்று எழுதியிருக்கிறார். ரெகுலேட்டர்மேல் என்ன எழுதியிருக்கிறார் என்று போய்ப் பார்த்தேன்.

‘ஒரிஜினல் காத்து.’