பித்தளையா, ரப்பரா

படகு வாங்கியதற்காக என்னைப் பைத்தியக்காரன் என்று சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவே, குடிதண்ணீருக்கே குடங்களை வரிசையில் வைக்கிற ஊரில், ஒருவன் பாய்மரப் படகை லாரியில் கொண்டுவந்து இறக்கினால் வேறு என்னதான் சொல்வார்கள்? இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்த என் மச்சான், யாரோ கழித்துப் போட்ட சின்னப் படகு ஒன்று சும்மா கிடக்கிறது என்றார். தீப்பெட்டி லோடை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் அதை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு பேர் உட்காரலாம். பைபர் உடம்பு, வெயிலில் வெளுத்த பாய், பின்பக்கம் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

ஓட்டை படகோடு பிறந்ததுதான். அடிப்பக்கம் இரட்டைச் சுவர், நடுவில் வெறும் காற்று. அதற்குள் கசிகிற தண்ணீரைக் கரைக்கு வந்ததும் வடித்துவிட அந்த ஓட்டை வேண்டும். மிதக்கும்போது அதை அடைத்து வைக்க வேண்டும். பழைய அடைப்பான் என் கையிலேயே பொடிந்து விழுந்தது.

நான் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் அறைகளைச் சுற்றிப் பார்த்து நான் சரி என்று சொன்ன பிறகுதான் ஆட்கள் உள்ளே போவார்கள். என் மனைவியும் அங்கேதான் வேலை பார்த்தாள். வாணக் குழல்களின் அடியை மண் வைத்து அடைப்பது அவள் வேலை. சின்ன வயதில் தன் அண்ணனைக் கிணற்றில் பறிகொடுத்தவள் அவள். அதன் பிறகு கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை.

அந்த வருஷம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்தது. மச்சான் இரண்டு நாள் வந்து தங்கி, படகைக் கரையிலேயே நிறுத்தி, பாயைக் காற்றுக்குத் தக்கபடி பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனி திறப்பதற்குள் ஒரே ஒரு தடவை என்னோடு படகில் வா என்று மனைவியைக் கேட்டேன்.

“மொதல்ல அந்த ஓட்டை அடைபடட்டும், பாப்போம்” என்றாள்.

மற்றவர்களுக்கு இது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. என் ஒரு சொல்லை நம்பி வெடிமருந்து இருக்கிற இடத்துக்குள் தினமும் போகிறவள், அதே சொல்லை நம்பித் தண்ணீருக்கும் வருவாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வரமாட்டாள் என்றால், அத்தனை வருஷம் அவள் உள்ளே போனது என்னை நம்பியா, வேறு வழியில்லாமலா என்ற கேள்வி எனக்குள் தங்கிவிடும்.

ஓட்டையை அளக்க என்னிடம் கருவி ஒன்றும் இல்லை. கம்பெனியில் கழித்த காகிதக் குழல்கள் வீட்டில் கிடந்தன. ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து, கச்சிதமாக உட்கார்ந்த குழலைப் பையில் போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். வலையும் கயிறும் விற்கிற கடையில், கடைக்காரர் அந்தக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று அடைப்பான்களை எடுத்து வைத்தார்.

முதலாவது பிளாஸ்டிக். தொட்டதுமே தள்ளிவைத்தேன். இரண்டாவது தடித்த ரப்பர், நடுவில் ஒரு இரும்பு போல்ட், தலையில் காது வைத்த நட்டு. நட்டைத் திருகினால் போல்ட் நசுக்க, ரப்பர் பக்கவாட்டில் உப்பிக்கொள்ளும். மூன்றாவது, திருகி ஏற்றுகிற மாதிரி மரை போட்ட பித்தளை. என் கை தானாகப் பித்தளைக்குப் போனது.

எங்கள் தொழிலில் இரும்பு ஆகாது. உரசினால் பொறி வரும். அள்ளுகிற கரண்டி பித்தளை, இடிக்கிற தடி மரம். உள்ளே வருகிறவர்களின் ஊக்கையும் ஹேர்பின்னையும் கழற்றச் சொல்லியே என் காலம் ஓடியது. கல்யாண வீட்டில்கூட என் கண் கொண்டைகளின் மேல்தான் போகும், என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். ரப்பர்தான் நல்லது, பழைய ஓட்டையில் மரை தேய்ந்திருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். இரும்பு இருக்கிறதே என்றேன்.

“அண்ணாச்சி, இது படகு. இதுல என்ன வெடிமருந்தா ஏத்தப் போறீய?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பித்தளையையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கண்மாய்க் கரையில் ஊரே கூடியிருந்தது. தனியாகத்தான் போனேன். நடுக் கண்மாயில் படகின் பின்பக்கம் மெல்லத் தாழ ஆரம்பித்தது. திரும்புவதற்குள் பாதி அமிழ்ந்துவிட, குதித்து, மார்பளவு தண்ணீரில் படகை இழுத்துக்கொண்டு நடந்து வந்தேன். மாட்டைக் குளிப்பாட்டிக் கொண்டுவருகிறார் போர்மேன் என்று ஒருவர் சொல்ல, கரை முழுக்கச் சிரிப்பு. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து அடைப்பானைத் தொட்டுப் பார்த்தாள்.

“கையாலதான் திருகுனீகளா?”

ஆமாம் என்றேன்.

“கம்பெனி டப்பாவ மூடுற மாதிரி மூடியிருக்கீக.”

உண்மைதான். மருந்து டப்பாவை இறுக்கி மூடக் கூடாது, ஸ்பேனரைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அந்தப் பழக்கம் தண்ணீருக்கும் வந்துவிட்டது. கடையில் பார்த்த மற்ற இரண்டையும் பற்றிக் கேட்டாள். ரப்பர் உப்புகிற விதத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினாள்.

“குழலுக்குள்ள மண்ண வச்சா மட்டும் அடைபடாதுங்க. தடியால குத்தக் குத்த அது பக்கத்துல விரிஞ்சு குழலப் பிடிக்கும். அம்புட்டுத்தான் வேல. ரப்பரே வாங்கியாங்க.”

அந்தக் குழல்களை ஆயிரக்கணக்கில் நான் சோதித்திருக்கிறேன். அடி கழன்று ஒன்றுகூட அவள் கையிலிருந்து வந்ததில்லை. ஆனால் அவளிடம் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு வெட்கப்பட்டேன். அதைவிட, இவள் என் மனைவி என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பவும் தூத்துக்குடிக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ரப்பரை எடுத்து மேஜையில் வைத்தார். நல்லவேளை, சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மறுபடியும் பித்தளையோடு திரும்பியிருப்பேன். இரும்பு போல்ட்டைத் தொட்டபோது கை கூசியது. படகில் அதைப் பொருத்தி, விரல் வலிக்க வலிக்க நட்டை இறுக்கினேன்.

கம்பெனி திறப்பதற்கு முந்தின நாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் படகில் ஏறினாள். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காற்று பாயை நிரப்ப, மறுகால் பக்கம் வரை போய்த் திரும்பினோம். பாதி வழியில் ஒரு கையை விளிம்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கரையில் முன்பு சிரித்தவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவர்களே படகை மேட்டுக்கு இழுத்தார்கள். அவள் இறங்கி, படகின் பின்பக்கத்தை முந்தானையால் துடைத்தாள், கையையும் துடைத்தாள். உட்கார்ந்து நட்டைத் தளர்த்தி, ரப்பரை உருவிவிட்டு, ஓட்டைக்கு அடியில் உள்ளங்கையை ஏந்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். ஒரு சொட்டும் விழவில்லை.

எழுந்து, ஈரமில்லாத அந்தக் கையை அவள் எனக்குக் காட்டவில்லை. கரையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி விரித்துக் காட்டினாள்.