தண்ணி விடப் போன இடம்

வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மாமனாரும் மாமியாரும், இன்னொன்றில் பிள்ளைகளும் என் தையல் மெஷினும். பஸ் ஓட்டிவிட்டு அவர் வந்தால், வாய்விட்டுச் சண்டை போட எங்களுக்கு ஓர் இடம் வேண்டாமா? தோட்டத்து மூலையில் உரமூட்டைகள் கிடந்த தகர ஷெட்தான் அது.

"செடிக்குத் தண்ணி விட்டுட்டு வரோம்" என்று கிளம்புவோம். கதவைச் சாத்தியதும் பிடி பிடியென்று பிடித்துவிடுவேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மூச்சு வாங்கியதும் ஒரே உரமூட்டையில் உட்காருவோம். சமாதானமும் அங்கேதான். செடிகள்தான் பாவம், வாடிக் கிடக்கும்.

இப்போது மகன் சம்பாதிக்கிறான். "துருப்பிடிச்ச ஷெட்டும்மா. நாளைக்கு இடிச்சுட்டு அங்க புதுசா ரூம் கட்டித் தரேன்" என்றான்.

"இருந்துட்டுப் போகட்டுமேடா."

"அதுல அப்படி என்னம்மா இருக்கு?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். பெற்ற பிள்ளையிடம் என்னவென்று சொல்ல?

சாயங்காலம் கடைசியாக உள்ளே போனோம். "வாயைத் திறந்து வேண்டாம்னு சொன்னா என்ன?" என்று ஆரம்பித்தேன்.

"நீதான் அவனுக்குச் செல்லம் கொடுத்து..." என்றவர் பாதியில் விட்டுவிட்டு, உரமூட்டையில் எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார். எனக்கும் அதற்குமேல் சண்டை வரவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தோம்.

வீட்டு வாசலில் மகன் சிரித்தபடி நின்றான். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லம்மா. அதான் புது ரூமுக்குச் சுத்தியும் கண்ணாடிச் சுவர் வைக்கச் சொல்லிட்டேன். நீங்க பேசிக்கிட்டிருக்கிறதை நாங்க பார்த்துக்கிட்டே இருக்கலாம்."